கையைக் கடிக்காத தள்ளுபடி: கார் கன்சல்டிங்குகளுக்கு டீட்டெய்லிங் வேலை எடுப்பது எப்படி

பழைய கார் கன்சல்டிங் நடத்துபவர், காரை உள்ளும் வெளியும் சுத்தம் செய்து மெருகேற்றும் டீட்டெய்லிங் கடைக்கு வந்து பேசும் முதல் பேச்சு அநேகமாக இதுதான்: "மாசம் இருபது வண்டி தர்றேன், ரேட்டைக் கொஞ்சம் பாத்துப் போடுங்க." இருபது வண்டி என்றதும் மனக்கணக்கு ஓடத் தொடங்கிவிடும். பாதி விலைக்குத் தலையாட்டிவிட்டு, மூன்று மாதம் கழித்து "வேலை நிறைய இருக்கு, கையில காசு இல்லை" என்று நிற்கும் கடைகள் ஊருக்கு ஊர் உண்டு.

தள்ளுபடி தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் அதன் அளவை, ஒரு வண்டிக்குச் செலவாகும் நேரம் எவ்வளவு குறைகிறது என்பதை வைத்தே முடிவு செய்ய வேண்டும். சொந்தக்காரர் கொண்டுவரும் வண்டிக்குச் செய்யும் அதே வேலையை, கன்சல்டிங் யார்டில் (விற்பனைக்கு வண்டி நிறுத்தும் இடம்) நிற்கும் வண்டிக்கும் செய்துவிட்டு விலையை மட்டும் இறக்கினால், இறங்குவது உங்கள் கூலி. இந்தக் கட்டுரையில் பேசுவது முழுக்க இதைச் சுற்றித்தான். பெரும்பகுதி செகண்ட்ஸ் வண்டி விற்கும் கன்சல்டிங்குகளைப் பற்றியது; புது வண்டி ஷோரூம்களின் கதை கடைசியில் கொஞ்சம்.

உங்கள் ஒரு மணி நேரத்தின் அடக்கவிலை

இது தெரியாமல் யாரிடமும் ரேட் பேசாதீர்கள். நீங்களும் ஒரு உதவியாளரும் வேலை செய்யும் கடை என்று வைத்துக்கொள்வோம். கீழே வருவது மாதிரிக் கணக்கு. உங்கள் ஊர் வாடகை, கூலியைப் போட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

உங்கள் சம்பளம் 30,000 ரூபாய் (இதைக் கணக்கில் சேர்க்காமல் விடுபவர்கள்தான் அதிகம்), உதவியாளருக்கு 18,000, வாடகை, மின்சாரம், தண்ணீர், மெஷின் தேய்மானம், போன், பெட்ரோல் எல்லாம் சேர்த்து 22,000. மொத்தம் மாதம் 70,000. இரண்டு பேர், 26 நாள், 8 மணி நேரம் என்றால் 416 ஆள்மணி. ஆனால் துணி துவைப்பது, சாமான் வாங்கப் போவது, வண்டிக்காகக் காத்திருப்பது என்று முப்பது சதவீதம் கழிந்துவிடும். காசு வரும் நேரம் சுமார் 291 ஆள்மணி. 70,000-ஐ அதில் வகுத்தால் ஒரு ஆள்மணிக்கு 240 ரூபாய். பூட்டிய கடைக்கும் இந்தச் செலவு ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

இப்போது ஒரு ஹேட்ச்பேக். உள்ளே சுத்தம், வெளியே ஒற்றைக் கட்ட பாலிஷ். சொந்தக்காரர் வண்டிக்கு இதை 2,500 ரூபாய்க்குச் செய்கிறீர்கள். வண்டியை எடுத்துவந்து திருப்பி விடுவது, அவரோடு பேசுவது, அவர் காட்டும் ஒவ்வொரு கீறலையும் பார்ப்பது எல்லாம் சேர்த்து ஆறரை ஆள்மணி. சாமான் 250 ரூபாய். அடக்கம் 1,810, மிச்சம் 690. கன்சல்டிங் வண்டிக்கு அந்த ஓட்டமும் பேச்சும் இல்லை. ஐந்து ஆள்மணியில் முடித்தால் கூலி 1,200, சாமான் 200, அடக்கம் 1,400. முப்பது சதவீதம் தள்ளி 1,750 வாங்கினால் 350 ரூபாய் மிஞ்சும். ஐம்பது சதவீதம் தள்ளி 1,250 என்றால் ஒவ்வொரு வண்டிக்கும் 150 ரூபாய் உங்கள் பையிலிருந்து போகிறது. இருபது வண்டி வந்தால் 3,000. எண்ணிக்கை கூடக்கூட நட்டமும் கூடும் என்பது பேரம் நடக்கும்போது யாருக்கும் உறைப்பதில்லை.

"சும்மா உட்கார்ந்திருக்கிற நேரத்துக்கு வந்தவரை லாபம்" என்று ஒரு வாதம் வரும். செவ்வாய், புதன் காலியாக இருந்தால் அது உண்மைதான். ஆனால் கன்சல்டிங் வண்டிகள் செவ்வாயில் நிற்பதில்லை. சனிக்கிழமை முழு விலை கொடுக்கும் ஆள் வாசலில் நிற்கும்போது "நாளைக்கு டெலிவரி, அவசரம்" என்று வந்து நிற்கும். ஆகவே சலுகை விலை எந்த நாட்களுக்கு என்பதையும் சேர்த்தே பேசுங்கள். திங்கள் முதல் வியாழன் வரை காலை 10 மணிக்குள் ஒப்படைக்கும் வண்டிக்குச் சலுகை விலை. வெள்ளி, சனிக்குச் சாதாரண விலை.

நம் ஊரில் இன்னொரு கணக்கும் உண்டு. ஆடியிலும் மார்கழியிலும் வண்டி வாங்கப் பலர் தயங்குவார்கள். யார்டில் சரக்கு தேங்கி நிற்கும், டீட்டெய்லிங் கடையிலும் கூட்டம் குறைவு. கூடுதலாக ஐந்து சதவீதம் குறைக்க ஏற்ற காலம் அதுதான். ஆடிக் கடைசி வாரத்திலேயே ஆவணி விற்பனைக்கான வண்டிகளை எடுத்து முடித்துவிடலாம். ஆயுத பூஜை வாரத்தில் எந்தத் தள்ளுபடியும் வேண்டாம். வேலை தானாக வரும்.

எதைச் செய்வோம், எதைச் செய்யமாட்டோம்

கன்சல்டிங்காரருக்கு வேண்டியது இரண்டு: போட்டோவில் வண்டி பளிச்சென்று தெரிய வேண்டும்; கதவைத் திறந்து உட்காரும் ஆள் முகம் சுளிக்கக் கூடாது. பானட்டில் டார்ச் அடித்துச் சுழல் கீறல் எண்ணும் வாடிக்கையாளருக்கான வேலை இங்கே தேவையில்லை. அறுபது, எழுபது சதவீதக் கீறல் மறைந்தால் போதும். அதற்கு மேல் உழைப்பது உங்கள் தொழில் திருப்திக்காக. அதற்கு யாரும் காசு தரப்போவதில்லை.

ஆகவே இரண்டே கட்டம் வையுங்கள். முதலாவது, வண்டி யார்டுக்கு வந்ததும் போட்டோவுக்கான வேலை: ஃபோம் வாஷ், வேக்யூம், டாஷ்போர்டு துடைப்பு, கண்ணாடி, டயர். ஒன்றரை ஆள்மணி, சாமான் 60 ரூபாய், அடக்கம் 420, விலை 550. இரண்டாவது, மேலே சொன்ன முழு வேலை. எல்லா வண்டிக்கும் முழு வேலை தேவைப்படாது என்பதை நீங்களே அவருக்குச் சொல்லுங்கள். நாலு வருட வண்டி, ஒரே ஓனர், ஷெட்டில் நின்றது என்றால் முதல் கட்டமே போதும். இப்படிச் சொல்கிற ஆளை அவர் அடுத்தமுறை நம்புவார்.

மற்றதெல்லாம் தனி ரேட். மங்கிய ஹெட்லைட், ஸ்டிக்கர் பசை, நாய் முடி, வாந்தி, சிந்திய பால், பூஞ்சை, சிமெண்ட் புள்ளி, பெயிண்ட் தூவல், ஏ.சி. நாற்றம். இவற்றில் ஒன்று உள்ளே நுழைந்தால் ஐந்து ஆள்மணி எட்டாகிவிடும். ஜாப் கார்டில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம் போட்டு, வண்டியை வாங்கும்போதே டிக் செய்து, வாட்ஸ்அப்பில் அவர் "சரி" என்று பதில் போட்ட பிறகு தொடங்குங்கள்.

வண்டி அளவுக்கு ஏற்பப் பெருக்கல் வைப்பது எளிது: ஹேட்ச்பேக் 1, செடான் 1.2, எஸ்.யூ.வி. 1.4, ஏழு சீட் வண்டி 1.6. "எல்லா வண்டிக்கும் ஒரே ரேட் சொல்லுங்க" என்று கேட்டால், அவர் யார்டில் போன மாதம் விற்ற வண்டிகளின் கலவையைக் கேளுங்கள். பத்தில் ஐந்து ஹேட்ச்பேக் (1,750), மூன்று செடான் (2,100), இரண்டு எஸ்.யூ.வி. (2,450) என்றால் சராசரி 1,995. ஆக 2,000 என்று சொல்லலாம். கலவை மாறி இன்னோவாவாக வரத் தொடங்கினால் ரேட்டும் மாறும் என்று அப்போதே எழுதிவிடுங்கள். ஒரே ரேட் என்று பேசிய பிறகு சின்ன வண்டிகளை வாசலில் வாட்டர் வாஷுக்கு விட்டுவிட்டுப் பெரிய வண்டியை மட்டும் உங்களிடம் அனுப்பும் சாமர்த்தியசாலிகள் இருக்கிறார்கள்.

இருபது வண்டி வாக்குறுதிக்கும் ஒரு மருந்து உண்டு. மாதத்தின் முதல் ஐந்து ஹேட்ச்பேக் தலா 2,000, ஆறு முதல் பத்து வரை 1,850, பதினொன்றிலிருந்து 1,750. ஒவ்வொரு விலையும் அந்தந்த வண்டிகளுக்கு மட்டும். இருபது வந்தால் அவருக்குச் சராசரி 1,838-க்குள் முடிகிறது. நாலு வந்தால் 2,000-தான். வாக்குறுதியை நம்ப வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விடும். கூடவே, ஒரே கன்சல்டிங்குக்கு உங்கள் நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒதுக்காதீர்கள். இருபது ஹேட்ச்பேக் என்பது நூறு ஆள்மணி. 291-இல் அது ஏற்கெனவே மூன்றில் ஒன்றைத் தாண்டிவிட்டது.

சாம்பிளுக்கு ஒரு வண்டி இலவசமாகச் செய்யச் சொல்வார்கள். முழு வண்டி வேண்டாம். பானட்டின் நடுவில் மாஸ்கிங் டேப் ஒட்டி, ஒரு பாதியை மட்டும் பாலிஷ் செய்து காட்டுங்கள். இருபது நிமிட வேலை. மறுபாதியை அப்படியே விட்டுவிட்டு வாருங்கள். பெரும்பாலும் மறுநாளே போன் வரும்.

யார்டிலேயே செய்வதா, கடைக்குக் கொண்டுவருவதா

முடிந்தவரை யார்டிலேயே. வண்டியை ரோட்டில் ஓட்டினால் பொறுப்பு உங்கள் தலையில். யார்டில் நிற்கும் பல வண்டிகளுக்கு இன்சூரன்ஸ் முடிந்திருக்கும், ஆர்.சி. இன்னும் பழைய ஓனர் பெயரிலேயே இருக்கும். பதிவு பெற்ற கன்சல்டிங் என்றால் வண்டி வெளியே போய்வரும் ஒவ்வொரு பயணத்துக்கும் அவர் பதிவு வைத்திருக்க வேண்டும். ஓட்டியே ஆக வேண்டிய நிலை வந்தால் இன்சூரன்ஸ் தேதியைப் பார்த்துவிட்டு, அவருடைய டிரைவரையே ஓட்டிவரச் சொல்லுங்கள்.

யார்டுக்குப் போகும் முன் நேரில் பார்க்க வேண்டியவை: நிழல், தண்ணீர்த் தொட்டி, கழிவுநீர் போகும் வழி, 15 ஆம்பியர் பிளக். கடைசியானதில்தான் கோட்டை விடுவார்கள். பிரஷர் வாஷர் 1,600 முதல் 1,800 வாட், வேக்யூம் 1,400 வாட். இரண்டையும் ஒரே பிளக்கில் போட்டால் 15 ஆம்பியரின் எல்லையான 3,450 வாட்டை நெருங்கிவிடும். மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயர் சூடாகி இளகும். 2.5 சதுர மி.மீ. ஒயர், அதில் கசிவு மின்சாரத்தை வெட்டும் பிரேக்கர். ஈரத் தரையில் நின்று வேலை செய்யும் இடம் இது. இந்தச் செலவில் கஞ்சத்தனம் கூடாது.

போர்வெல் தண்ணீரை, அதில் கரைந்த உப்பை அளக்கும் சின்ன டி.டி.எஸ். மீட்டர் வைத்துப் பாருங்கள். 300, 400-க்கு மேல் போனாலே வெயிலில் காய்ந்த இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி விழும். உப்புத் தண்ணீர் ஏரியாக்களில் ஆயிரத்தைத் தாண்டுவது சாதாரணம். அங்கே கடைசி அலசலுக்கு மட்டும் இரண்டு கேன் நல்ல தண்ணீர் வைத்துக்கொண்டு, பேனல் பேனலாக அலசி உடனே துடையுங்கள்.

வண்டியை வாங்கும்போது

பத்து நிமிடம் செலவழியுங்கள். நாலு பக்கமும் ரூஃபும் போட்டோ. பழைய கீறல், டென்ட் அருகில் வைத்து போட்டோ. இக்னிஷன் போட்டு மீட்டர் போர்டின் போட்டோ, எந்த எச்சரிக்கை விளக்கு எரிகிறது என்று தெரியும்படி. ஸ்டெப்னி, ஜாக்கி, ஸ்டீரியோ, பாஸ்டேக் இருக்கிறதா என்று குறியுங்கள். ஏர்பேக் விளக்கு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்த வண்டியை நீங்கள் கெடுத்ததாகச் சொல்லும் நாள் நிச்சயம் வரும். அன்று இந்தப் போட்டோதான் பேசும். சீட்டுக்கடியிலும் டேஷ் பாக்ஸிலும் கிடைக்கும் பணம், நகை, ஆர்.சி., செக் புத்தகம் எதுவானாலும் கவரில் போட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

பெயிண்ட் தடிமன் மீட்டர் இருந்தால் பானட், ரூஃப், கதவுகளில் வைத்துப் பாருங்கள். கம்பெனி பெயிண்ட் பொதுவாக 90 முதல் 150 மைக்ரான். 200-ஐத் தாண்டினால் மறுபெயிண்ட். 300, 400-ஐத் தாண்டி ஏறினால் அடியில் பட்டி இருக்கலாம். டிங்கரிங் பார்த்த பேனல்களில் பிரஷர் வாஷர் முனையைக் கிட்டே கொண்டுபோனால் பெயிண்ட் செதிலாக எழும்பும். ஓரடி தள்ளியே பிடியுங்கள்.

வேலை வரிசை

உள்ளிருந்து தொடங்குங்கள். சீட் நனைந்து காய நேரம் வேண்டும். அதை முதலில் முடித்து நாலு கதவையும் திறந்துவிட்டால், வெளி வேலை முடிவதற்குள் பாதி காய்ந்துவிடும்.

மிதியடிகளை எடுத்து, கம்ப்ரசர் காற்றால் இடுக்குகளை ஊதி, பிறகு வேக்யூம். துணி சீட்டுக்கு ஆல் பர்ப்பஸ் கிளீனரை ஒன்றுக்குப் பத்து தண்ணீரில் கலந்து, நுரையாக்கி, பிரஷ் போட்டு, ஈர வேக்யூமால் இழுக்கவும். தண்ணீரை ஊற்றாதீர்கள். ஸ்பான்ஞ் வரை இறங்கினால் சென்னைப் புழுக்கத்தில் இரண்டு நாளானாலும் காயாது. மூடிய வண்டிக்குள் பூஞ்சை வாடை எழும், வாங்க வந்த ஆள் மூக்கைப் பொத்துவார். ஐப்பசி, கார்த்திகை மழையில் சீட் ஷாம்பு எடுப்பதையே குறைத்துக்கொள்வது நல்லது. எடுத்தால் மின்விசிறி வைத்துக் காயவைக்க இடம் இருக்க வேண்டும்.

முன் சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற கனெக்டர் தெரியும். அது ஏர்பேக், சீட் பெல்ட் லைன். சுத்தம் செய்ய வசதி என்று அதைக் கழற்றிவிட்டு, அப்படியே இக்னிஷனைப் போட்டால் ஏர்பேக் விளக்கு எரியும். திரும்ப மாட்டினாலும் அணையாது, ஸ்கேனர் வைத்து அழிக்க வேண்டும். அந்தச் செலவு உங்களுடையது. கழற்றவே வேண்டாம், சீட்டை முன்னும் பின்னும் தள்ளி வேலையை முடியுங்கள்.

ரூஃப் லைனிங்கில் நேராக எதையும் அடிக்கக் கூடாது. பின்னால் இருக்கும் பசை இளகினால் துணி தொங்கும். துணியில் அடித்து, ஒரே திசையில் மெதுவாகத் துடைக்கவும். ஹெட்ரெஸ்டிலும் அதற்கு மேலே லைனிங்கிலும் தலை எண்ணெய்க் கறை இருக்கும். இரண்டு முறை மெதுவாகப் போவது, ஒருமுறை அழுத்தித் தேய்ப்பதைவிட நல்லது. பவர் விண்டோ சுவிட்ச், டச் ஸ்கிரீன் இரண்டுக்கும் ஸ்ப்ரே கூடாது; பிழிந்த மைக்ரோஃபைபர் போதும். சீட் பெல்ட்டை முழுசாக இழுத்து, கிளிப் போட்டு நிறுத்தி, துடைத்து, காய்ந்த பிறகே உள்ளே விடுங்கள்.

நம் ஊர் வண்டிகளுக்கே உரிய கறை மஞ்சளும் குங்குமமும். பூஜை போட்ட வண்டியின் டாஷ்போர்டு, ஸ்டியரிங், பம்பர், வெள்ளை பானட் எங்கும் இருக்கும். இதில் கை வேகமாக ஆல் பர்ப்பஸ் கிளீனர் பாட்டிலுக்குப் போகும், போகக் கூடாது. அது காரத்தன்மை உள்ளது, மஞ்சள் காரம் பட்டால் சிவக்கும். கறை பரவி இன்னும் மோசமாகத் தெரியும். மஞ்சளின் நிறம் ஆல்கஹாலில் கரையும். ஐசோபிரொப்பைல் ஆல்கஹாலைப் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, மறைவான இடத்தில் சோதித்துவிட்டு, துணியில் நனைத்து ஒற்றி எடுங்கள். மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும். மஞ்சள் சூரிய ஒளியில் வெளிறும். இரண்டு மூன்று நாள் வெயிலில் நின்றால் வெள்ளை பம்பரில் இருந்த திட்டு பெருமளவு மங்கிவிடும். டெலிவரி நாளன்று வந்து கேட்டால் இதைச் செய்ய முடியாது என்பதால், வண்டி யார்டுக்கு வந்த அன்றே சொல்லச் சொல்லுங்கள்.

இன்ஜின் பே தனி விஷயம். சூடு ஆறிய பிறகுதான் கை வைக்க வேண்டும். ஆல்டர்நேட்டர், ஃபியூஸ் பாக்ஸ், ஏர் இன்டேக் வாய், வெளியே தெரியும் கனெக்டர்கள் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கவரால் மூடுங்கள். ஆல் பர்ப்பஸ் கிளீனர் ஒன்றுக்கு ஐந்து தண்ணீர் கலவை, பிரஷ், ஈரத்துணி. பிரஷர் வாஷர் வேண்டவே வேண்டாம். பெட்ரோல் வண்டியில் ஸ்பார்க் பிளக் குழிக்குள் தண்ணீர் தேங்கினால் இன்ஜின் உதறும், செக் இன்ஜின் விளக்கு எரியும். காற்றால் ஊதி, பத்து நிமிடம் ஓடவிட்டு, விளக்குகளைப் பார்த்த பிறகே பானட்டை மூடுங்கள். பளபளப்பு ஏற்றும் டிரஸ்ஸிங்கை பெல்ட்டில் பட விடாதீர்கள், வழுக்கிக் கீச்சிடும். அளவுக்கு மீறி மினுக்கும் இன்ஜினைப் பார்த்ததும் வாங்க வருபவர் கூட்டிவந்த மெக்கானிக் "ஆயில் லீக்கை மறைச்சிருக்காங்க" என்றுதான் முதலில் நினைப்பார். தூசி இல்லாமல் மங்கலாக இருப்பதே விற்பனைக்கு நல்லது. எலெக்ட்ரிக், ஹைப்ரிட் வண்டிகளில் ஆரஞ்சு நிற கேபிள் போகும் பக்கம் ஈரமே வேண்டாம்.

வெளியே: சக்கரம் முதலில், பிறகு ஃபோம், இரண்டு பக்கெட் முறையில் (ஒன்றில் சோப்பு நீர், ஒன்றில் துணி அலசும் நீர்) வாஷ். தடவிப் பார்த்துச் சொரசொரப்பு இருந்தால் மட்டும் கிளே (ஒட்டிய அழுக்கை இழுத்தெடுக்கும் களிமண் கட்டி). பாலிஷுக்கு 5 அங்குல பேட் போட்ட, சுழன்றுகொண்டே அசையும் டூயல் ஆக்‌ஷன் மெஷின். கீறல் எடுப்பது, பளபளப்பு, பாதுகாப்பு மூன்றும் சேர்ந்த ஒற்றை பாலிஷ். இரண்டடிக்கு இரண்டடி பரப்புக்கு நாலைந்து சொட்டு. ஹேட்ச்பேக்கிற்கு 40, 50 மி.லி.யில் முடிந்துவிடும். ஒரே அச்சில் சுழலும் ரோட்டரி மெஷினில் வேகமாக முடியும் என்பது உண்மை. ஆனால் சம்பளத்துக்கு வந்த பையன் கையில் கொடுத்தால் பானட் ஓரமும் கதவுக் கோடும் கருகும். ஒரு பேனல் மறுபெயிண்ட் செலவு பத்து வண்டி லாபத்தைத் தின்றுவிடும். பெயிண்டின் மேலே உள்ள நிறமற்ற அடுக்கான கிளியர் கோட் சுமார் 35 முதல் 50 மைக்ரான்தான். அதில் ஏற்கெனவே எத்தனை பேர் ரப்பிங் போட்டார்களோ தெரியாது. பேடில் வண்டியின் நிறமே ஒட்டினால் அந்த பெயிண்டுக்குக் கிளியர் கோட் இல்லை என்று அர்த்தம்; அழுத்தத்தைக் குறையுங்கள். கறுப்பு பிளாஸ்டிக் பீடிங்குகளுக்குத் தொடங்கும் முன்பே டேப் ஒட்டுங்கள். பாலிஷ் காய்ந்து வெள்ளையாகப் படிந்தால் அதை எடுக்க ஆகும் நேரம், டேப் ஒட்டும் நேரத்தைவிடப் பல மடங்கு.

ஹெட்லைட்டுக்கு 1000, 1500, 2000, 3000 என்று ஈர எமரி, பிறகு பாலிஷ். ரொம்ப மஞ்சளாக இருந்தால் 800-இல் தொடங்கலாம். புற ஊதாக் கதிர் தடுக்கும் பூச்சு போடாவிட்டால் சில மாதத்தில் மறுபடி மஞ்சளாகும். பூச்சோடு ஒரு விலை, பூச்சில்லாமல் ஒரு விலை என்று இரண்டையும் எழுதிக் கொடுத்து, எதைத் தேர்ந்தார் என்று குறித்துக்கொள்ளுங்கள். டயர் பாலிஷ் பக்கவாட்டில் மட்டும். ரோட்டில் படும் பகுதியில் கூடாது. ஸ்டியரிங், பெடல் இரண்டிலும் எந்தப் பளபளப்பும் ஏறக் கூடாது.

ஐந்து ஆள்மணி இப்படிப் பிரியும்: உள்ளே ஒன்றரை, இன்ஜின் கால், வாஷும் கிளேயும் ஒன்று, பாலிஷ் ஒன்றரை, கண்ணாடி, டயர், போட்டோ முக்கால். முதல் ஐந்து வண்டிகளுக்கு ஸ்டாப்வாட்ச் வைத்துப் பாருங்கள். எது இழுக்கிறதோ அங்கேதான் உங்கள் தள்ளுபடி கரைகிறது.

கண்ணில் பட்டதை எழுதுங்கள்

டீட்டெய்லிங் செய்பவர் பார்க்கும் இடங்களை வேறு யாரும் பார்ப்பதில்லை. சீட் பெல்ட்டை முழுசாக இழுத்தால் அடிப்பகுதியில் சேற்றுக் கோடு, சீட் ரெயில் போல்ட்டில் துரு, ஸ்டெப்னி குழியில் வண்டல், கார்ப்பெட்டுக்கடியில் ஈர வாடை: இவை வெள்ளத்தில் மூழ்கிய வண்டியின் அடையாளங்கள். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் தண்ணீரில் நின்ற வண்டிகள் கொஞ்சநஞ்சமல்ல. அவை வெளியூர் யார்டுகளிலும் வந்து நிற்கலாம். பார்த்தால் போட்டோவோடு ஜாப் கார்டில் எழுதி கன்சல்டிங்காரருக்கு அனுப்புங்கள். அந்தச் சேற்றுக் கோட்டை அழிக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். நாளை வாங்கியவர் வழக்கு போட்டால், தடயத்தை அழித்தது யார் என்ற கேள்வி உங்கள் பில்லில் வந்து நிற்கும்.

பணம்

ஒரு வாரக் கணக்கு, திங்கட்கிழமை பட்டுவாடா என்று தொடங்குங்கள். பாக்கி 20,000 ரூபாயைத் தொட்டால் அடுத்த வண்டிக்குக் கை வைப்பதில்லை என்பதும் முதலிலேயே பேச வேண்டிய விஷயம். "வண்டி வித்ததும் தர்றேன்" என்ற ஏற்பாட்டுக்கு ஒப்புக்கொள்ள வேண்டாம். வண்டி விற்காததற்கு நீங்கள் பொறுப்பல்ல.

ரேட் ஜி.எஸ்.டி. சேர்த்தா, சேர்க்காமலா? இது எழுத்தில் இல்லாவிட்டால் சண்டை நிச்சயம். சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம். இந்த வேலைக்கு வரி 18 சதவீதம். பதிவு பெற்ற நீங்கள் 1,750-ஐ வரியோடு சேர்த்து ஒப்புக்கொண்டால் உங்களுக்கு வருவது 1,483. அடக்கம் 1,400 போக மிச்சம் 83 ரூபாய். பதிவு இல்லையென்றால் பில்லில் ஜி.எஸ்.டி. வசூலிக்கவே கூடாது.

ஒரே பில் 30,000-ஐத் தாண்டினாலோ, ஆண்டு மொத்தம் ஒரு லட்சத்தைத் தாண்டினாலோ, டி.டி.எஸ். (பணம் தரும்போதே பிடிக்கும் வருமான வரி) பிடிக்கக் கடமைப்பட்ட நிறுவனம் ஒப்பந்த வேலைக்குப் பிடிக்கும். தனிநபர் கடை என்றால் ஒரு சதவீதம். பான் எண் கொடுக்காவிட்டால் இருபது. பிடித்ததை உங்கள் பான் எண்ணில் கட்டியிருக்கிறார்களா என்று வருமான வரித் துறையின் இணையதளத்தில் பாருங்கள்.

குறு, சிறு நிறுவனங்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம். இன்றே எடுத்து வையுங்கள், பில்லில் அந்த எண்ணை அச்சிடுங்கள். குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள்ளும், இல்லாவிட்டால் 15 நாளுக்குள்ளும் பணம் தர வேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டியைப் போல் மூன்று மடங்கு, மாதக் கூட்டுவட்டி. வட்டி கேட்டு வழக்குப் போடுவது நீண்ட வேலை. ஆனால் 2024 ஏப்ரல் முதல் வருமான வரியில் இன்னொரு பிடி இருக்கிறது: கெடு தாண்டிய பாக்கியை, பணம் கொடுத்த ஆண்டில்தான் அவர் செலவுக் கணக்கில் காட்ட முடியும். மார்ச் மாதத்தில் அவருடைய ஆடிட்டரே உங்களுக்காகப் பேசுவார். ரொக்கமாகக் கொடுக்க நினைப்பவருக்கும் ஒரு தகவல்: ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவு வரிக் கணக்கில் ஏற்கப்படாது.

மறுவேலைக்கும் ஒரு வரையறை வேண்டும். ஒப்படைத்த 48 மணி நேரத்துக்குள் சொன்னால் இலவசம். அதன் பிறகு யார்டில் தூசி படிந்து "மறுபடி ஒருதடவை தொடைச்சுக் குடுங்க" என்றால் தூசி வாஷுக்கு 150 ரூபாய். யார்டுப் பையன் உலர்ந்த துணியால் தூசியைத் துடைத்துத் துடைத்து ஒரு வாரத்தில் புதுச் சுழல் கீறல் போட்டுவிடுவான். பழி பாலிஷ் மேல் விழும். ஒப்படைக்கும்போது வெயிலில் பானட்டைப் போட்டோ எடுங்கள். முடிந்தால் அந்தப் பையனுக்கு இரண்டு மைக்ரோஃபைபரும் ஒரு ஸ்ப்ரே பாட்டிலும் கொடுத்து எப்படித் துடைப்பது என்று காட்டுங்கள்; நூற்றைம்பது ரூபாய் செலவில் பாதிப் புகார்கள் நின்றுவிடும்.

புது வண்டி ஷோரூம் என்றால்

அங்கே பேப்பர் வேலை அதிகம்: ஜி.எஸ்.டி., பான், உத்யம், ரத்து செய்த செக், அவர்கள் வளாகத்தில் நிற்கும் உங்கள் ஆட்களுக்கு ஈ.எஸ்.ஐ., பி.எஃப். விவரம். பணம் தாமதமாக வரும், ஆனால் கணக்கு சுத்தமாக இருக்கும். டெலிவரிக்கு நல்ல நேரம் குறித்துத்தான் வாடிக்கையாளர் வருவார். காலை 9 மணிக்குச் சாவி கைமாற வேண்டும் என்றால் வண்டி 8-க்கே தயாராக இருக்க வேண்டும். எனவே முந்தைய நாள் மாலை ஐந்து மணிக்குள் உங்களிடம் வராத வண்டிக்கு நீங்கள் பொறுப்பல்ல என்று பேசிக்கொள்ளுங்கள்.

கவனமாக இருக்க வேண்டியது கோட்டிங் (பெயிண்ட் மேல் போடும் பாதுகாப்புப் பூச்சு). ஷோரூம் வாடிக்கையாளரிடம் ஒரு பெரிய தொகைக்கு விற்று, அதில் ஒரு சிறு பங்கை உங்களுக்குத் தந்து, மூன்று வருட வாரண்டியை மட்டும் முழுசாக உங்கள் தலையில் கட்டப் பார்க்கும். கோட்டிங் பாட்டிலை யார் வாங்குவது, வாரண்டி அட்டையில் யார் பெயர், ஒவ்வொரு மறுபூச்சுக்கும் எவ்வளவு என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் வராமல் கோட்டிங் வேலையைத் தொடாதீர்கள். வாஷும் டெலிவரிச் சுத்தமும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எந்த ஒப்பந்தமானாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரேட் மறுபரிசீலனை, இரு தரப்பும் 30 நாள் முன்னறிவிப்போடு விலகலாம் என்ற இரண்டு வரிகள் அதில் இருக்கட்டும். விலகும் மாதத்தில் புது வண்டி எடுப்பதை நிறுத்திவிட்டு, கையில் உள்ளதை முடித்து, பாக்கி முழுவதும் வந்த பிறகு கடைசிச் சாவியைக் கொடுங்கள்.